ஒரு தலைக்குள் இரண்டும் இருக்கும்

(கிளிநொச்சிப் பக்கம் ஓர் ஆலயத் திருநாளை ஒட்டி நடந்த பட்டிமன்றத்தில் பேசியது. தலைப்பு: 'விஞ்ஞானமும் கிறிஸ்தவ விசுவாசமும்: இசைவா, மோதலா?' நான் இசைவு அணி. எதிரணியில் இரண்டு பேர் பேசி முடித்த பிறகு வந்த முறை.)

நடுவர் ஐயா அவர்களே, முன்வரிசையில் இருக்கிற பாதர், இரண்டு அணி நண்பர்களே, பாயில் இருந்து நித்திரை கொள்ளாமல் கேட்கிற அம்மாமாரே, கேட்பதுபோல் இருந்துகொண்டு ஐஸ்கிறீம் வானைப் பார்க்கிற பிள்ளைகளே, எல்லாருக்கும் வணக்கம்.

எதிரணியில் முதலில் பேசிய கம்பஸ் தம்பி கலிலியோவைக் கொண்டுவந்தார். 1633இல் அந்தக் கிழவரை முழந்தாளிட வைத்து, பூமி சுற்றுகிறது என்று சொன்னது பிழை என்று வாசிக்கச் செய்தார்களே என்று கேட்டார். செய்தார்கள்தான். அது அநியாயம்தான். 1992இல் பாப்பரசர் இரண்டாம் யோவான் பவுல் அதை வெளிப்படையாக ஏற்றுக்கொண்டார், முந்நூற்றைம்பது வருடத்துக்கு மேல் பிந்தி. அவருக்குப் பிறகு பேசிய மாஸ்ரர் ஆறு நாள் படைப்பைத் தொட்டுவிட்டு, சுகமளிக்கும் கூட்டத்தில் 'இனி இன்சுலின் போடாதே' என்று சொல்லி ஒருவரைச் சாகக் கிடத்திய கதையைச் சொன்னார். மாஸ்ரர், அந்த இடத்தில் நானும் உங்கள் கட்சி. மருந்தை நிறுத்தச் சொல்கிறவன் பைபிளைத் தூக்கிக்கொண்டு வந்தாலும் சரி, வேப்பிலையோடு வந்தாலும் சரி, பொலிசுக்குத்தான் சொல்ல வேண்டும்.

ஆனால் மாஸ்ரர் அதோடு நிற்கவில்லை. கடைசியில், இரண்டும் ஒத்துப்போக முடியவே முடியாது, ஒத்துப்போகிறது என்று சொல்கிறவன் ஒன்றில் விஞ்ஞானத்தை ஏமாற்றுகிறான், இல்லையென்றால் கடவுளை ஏமாற்றுகிறான் என்று ஒரு போடு போட்டார். கைதட்டலும் வாங்கினார். சரி, முடியவே முடியாது என்ற பேச்சைக் கவிழ்க்க ஓர் ஆள் போதும். நான் ஓர் ஆளோடு வந்திருக்கிறேன்.

அது, பட்டாணி நட்டுப் பரம்பரை விதியைக் கண்டுபிடித்த மென்டல் என்று நினைத்துவிடாதீர்கள். நான் உயர்தரத்துக்கு உயிரியல் படிப்பிக்கிறபடியால், மேடையில் ஏறின உடனேயே மென்டல் வருவார் என்று என் பிள்ளைகள் அங்கே பந்தயம் கட்டியிருப்பார்கள். அவர் துறவிதான், மடத்துத் தோட்டத்தில்தான் பட்டாணி நட்டார், 1865இல் அதைப் பேசி 1866இல் அச்சிட்டார். பரந்தனில் வயல் செய்கிறவர் விதைநெல் வாங்கும்போது பையில் பீஜி, ஏரி என்று எழுத்து இருக்கிறதே, பத்தலகொட, அம்பலாந்தோட்டை ஆராய்ச்சி நிலையங்களில் ஒன்றோடு ஒன்றைக் கலந்து எடுத்த இனம் என்று பொருள், அந்தக் கலப்புக்கெல்லாம் கணக்கு அவருடைய பட்டாணியில்தான் தொடங்குகிறது. என்றாலும் நான் அவரைச் சாட்சிக்கு இழுக்கப் போவதில்லை. காரணம், சாப்பாட்டுக்குக் கஷ்டப்பட்டதால்தான் மடத்தில் சேர்ந்தேன் என்று அவரே தன் வரலாற்றில் எழுதி வைத்திருக்கிறார். எதிரணிக்கு அது ஓர் ஓட்டை. எனக்கு ஓட்டை இல்லாத சாட்சி வேண்டும். சின்ன வயதில் விசுவாசம் ஊட்டப்படாமல், வளர்ந்தபின் கடவுள் இல்லை என்றே நின்று, படித்துப் பட்டம் பெற்ற பிறகு தானாக வந்த ஒருவர் வேண்டும்.

அவர் பெயர் பிரான்சிஸ் கொலின்ஸ். 1950இல் அமெரிக்காவின் வேர்ஜினியாவில் பிறந்தவர். சின்னப் பண்ணை, தகப்பனும் தாயும் நாடகக்காரர், ஆறாம் வகுப்பு வரைக்கும் தாயே வீட்டில் வைத்துப் படிப்பித்தார். கோயில் பாடகர் குழுவுக்குப் பிள்ளையை அனுப்பினார்கள், ஆனால் அனுப்பும்போதே சொல்லித்தான் அனுப்பினார்கள்: சங்கீதத்தைப் பழகு, அங்கே சொல்கிற மற்றதைப் பெரிதாக எடுக்காதே என்று. (எங்கள் பாடகர் குழுவிலும் அப்படி நாலு பேர் இருக்கிறார்கள், பெயர் சொல்லமாட்டேன்.) யேல் பல்கலைக்கழகத்தில் பௌதிக இரசாயனத்தில் கலாநிதிப் பட்டம் எடுக்கிற காலத்தில் அவர் பச்சை நாத்திகர். பிறகு மருத்துவம் படிக்க நோர்த் கரோலினாவுக்குப் போனார்.

அங்கே வார்ட்டில் ஒரு வயதான அம்மா. இருதய வருத்தம், நெஞ்சு நோ அடிக்கடி வரும், மாற்றுவதற்கு மருந்து இல்லை. அவர் தன் விசுவாசத்தைப் பற்றிச் சொல்லிவிட்டு, 'நீர் எதை நம்புகிறீர் டொக்டர்?' என்று கேட்டார். கொலின்ஸுக்கு முகம் சிவந்து, தெளிவாகத் தெரியாது என்று ஏதோ முணுமுணுத்துவிட்டு வெளியே வந்தார். பிறகு அவரை அரித்தது கடவுள் இருக்கிறாரா என்ற கேள்விகூட இல்லை. எந்தத் தரவையும் பார்க்காமல் முடிவெடுத்து வைத்திருக்கிறேனே, இதுவா விஞ்ஞானி செய்கிற வேலை என்பதுதான். அதன் பிறகு ஒரு மெதடிஸ்ட் போதகரிடம் போனார், அவர் கொடுத்த புத்தகத்தை வாசித்தார், வாதாடினார், இழுபட்டார். 27 வயதில் கிறிஸ்தவரானார்.

கம்பஸ் தம்பி இதைக் கொஞ்சம் நக்கலாகச் சொன்னார்: மலையில் உறைந்துபோன அருவி ஒன்றைக் கண்டு முழந்தாளிட்டாராம், இதுவா ஆதாரம் என்று. தம்பி, அருவியை ஆதாரம் என்று அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. நெடுநாள் யோசித்து முடிவின் வாசலில் நிற்கிற மனிதன் ஒரு நாள் காலையில் முடிவெடுக்கிறான். அந்த நேரம் முன்னால் அருவி நின்றது. உங்களுக்குக் கலியாணம் முடிவாகிற நாளில் முன்னால் தேத்தண்ணிக் கடை நின்றால், தேத்தண்ணிக்காகக் கட்டினீர் என்றா சொல்வது?

இனி அவருடைய வேலைக்கு வருவோம், தலைப்பு அங்கேதான் தீரும். சிஸ்ரிக் பைப்ரோசிஸ் என்று ஒரு பரம்பரை வருத்தம், ஐரோப்பிய வம்சத்தாரிடம் அதிகம். நுரையீரலில் சளி பசைபோல இறுகும், வியர்வையில் உப்பு கூடும். குழந்தையை முத்தமிடும்போது நெற்றி உப்புக் கரித்தால் அந்தப் பிள்ளை நிலைக்காது என்று அந்தக் காலத்திலேயே அங்கே சொல்லி வைத்திருக்கிறார்கள். 1950களில் இந்த வருத்தத்தோடு பிறந்த பிள்ளைகளில் பலர் பள்ளிக்கூடம் போகிற வயதைக் காணவில்லை. இதற்குக் காரணமான பரம்பரையலகு, அதாவது ஜீன், எங்கே இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது, அது செய்கிற வேலை என்ன என்றும் தெரியாது. ஓமந்தையில் இருந்து ஆனையிறவு வரைக்கும் ஏ9 வீதியில் எங்கோ ஓர் ஆணி கழன்று கிடக்கிறது, ஆணியின் நிறமும் தெரியாது, தேடு என்றால் எப்படி இருக்கும்?

மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் இருந்த கொலின்ஸ், ஒவ்வோர் அடியாக நடக்காமல் நிறமூர்த்தத்தின், அதாவது குரோமோசோமின், வழியே தாவித் தாவித் தேடுகிற முறை ஒன்றைக் கொண்டுவந்தார். கனடாவில் ரொறொன்ரோவில் லாப்-சீ சுய், ஜாக் ரியோர்டன் ஆகியோரின் குழுக்கள் மற்றப் பக்கத்தில் இருந்து தேடிக்கொண்டு வந்தன. இரண்டு பக்கமும் சேர்ந்து 1989இல் ஏழாம் நிறமூர்த்தத்தில் பிடித்தார்கள். பெரும்பாலான நோயாளிகளின் டி.என்.ஏ.யில் குறைந்திருந்தது மூன்றே எழுத்து. மூன்று எழுத்து போனதால் புரதத்தில் 508ஆம் இடத்து அமினோ அமிலம் இல்லை, அது இல்லாததால் புரதம் சரியாக மடியவில்லை, மடியாததால் கலத்தின் மென்சவ்வுக்குப் போய்ச் சேரவில்லை, சேராததால் உப்பு வெளியேறுகிற வழி அடைபட்டது. அவ்வளவுதான் அந்தப் பிள்ளைகளின் மரணம். முப்பது வருடம் கழித்து, 2019இல், அந்தப் புரதத்தையே திருத்தி வேலை செய்ய வைக்கிற மூன்று மருந்துக் கூட்டு அனுமதி பெற்றது. இன்றைக்கு அந்த வருத்தக்காரர் கம்பஸ் போகிறார்கள், கலியாணம் கட்டுகிறார்கள்.

மாஸ்ரர், அந்த 1989ஆம் ஆண்டு ஆய்வுக் கட்டுரைகளில் எந்த வரியில் கடவுள் வருகிறார்? வரவில்லை. கொலின்ஸ் விசுவாசி, சுய்யும் ரியோர்டனும் என்ன சமயம் என்று எனக்கு அக்கறையும் இல்லை, கட்டுரைக்கும் அது தேவைப்படவில்லை. முழு நாத்திகர் ஒருவர் அந்தப் பரிசோதனையைத் திரும்பச் செய்தாலும் அதே மூன்று எழுத்துத்தான் குறையும். விடை தெரியாத இடத்தில் 'இது ஆண்டவர் சித்தம்' என்று பேனையை மூடிவிட்டுப் போயிருந்தால் விசுவாசம் விஞ்ஞானத்தைக் கெடுத்தது என்று நானே உங்கள் பக்கம் வந்திருப்பேன். அவர் மூடவில்லை. இன்று விளங்காததற்கெல்லாம் கடவுளைச் செருகி வைத்தால் நாளைக்கு விளங்கும்போது கடவுளை வெளியே தள்ள வேண்டி வரும், அப்படிப்பட்ட கடவுளை நம்பாதீர்கள் என்று சக கிறிஸ்தவர்களுக்கே சொல்லித் திரிந்தவர் அவர்.

1993இல் மனித மரபணுத் தொகுதித் திட்டத்துக்குத் தலைமை தாங்க வந்தார். மனிதனின் டி.என்.ஏ.யை முழுதாக வாசிப்பதுதான் வேலை, முந்நூறு கோடி எழுத்து. போட்டிக்கு ஒரு தனியார் கம்பனி. இந்தத் திட்டத்தில் 1996இலேயே ஒரு தீர்மானம் எடுத்தார்கள்: வாசித்த எழுத்தை 24 மணித்தியாலத்துக்குள் உலகத்துக்கே இலவசமாக வெளியிட வேண்டும், ஒருவரும் பதுக்கி வைக்கக் கூடாது. அதை முன்னின்று கொண்டுவந்தவர்களில் ஒருவர் இங்கிலாந்தின் ஜோன் சல்ஸ்ரன். அங்கிலிக்கன் குருவானவரின் மகன், விசுவாசத்தை விட்டுவிட்டவர். கொலின்ஸ் நேர்மாறு, விசுவாசம் இல்லாத வீட்டில் வளர்ந்து விசுவாசத்துக்கு வந்தவர். இருவரும் இந்த விடயத்தில் ஒரே பக்கம் நின்றார்கள். இதைச் சொன்னால் என் அணிக்கு நட்டம், கிறிஸ்தவன்தான் நல்லது செய்வான் என்று நான் வாதிட முடியாது. நான் அப்படி வாதிடவும் இல்லை. விசுவாசி செய்யும்போது வேலை கெடுவதில்லை என்பதுதான் என் வாதம்.

2000 ஜூன் 26, வெள்ளை மாளிகையில் கிளின்ரனுக்குப் பக்கத்தில் நின்று கொலின்ஸ் கடவுளை இழுத்துப் பேசினார் என்று தம்பி குறைப்பட்டார். மேடையில் பேசினார், உண்மை. 2001 பெப்ரவரியில் 'நேச்சர்' சஞ்சிகையில் வந்த ஆய்வுக் கட்டுரையில் பேசவில்லை. எந்த இடத்தில் எதைப் பேசுவது என்று தெரிந்த மனிதன்.

ஆறு நாள் படைப்புக்கு வருகிறேன். எங்கள் வகுப்பில் கூர்ப்பு, அதாவது பரிணாமப் பாடம் வந்தால் பின்வாங்கில் இருந்து ஒரு கை கட்டாயம் உயரும், 'மிஸ், அப்ப ஆதாம் ஏவாள்?' என்று. கொலின்ஸ் இதில் நழுவவில்லை. மனிதனுக்கு 46 நிறமூர்த்தம், சிம்பன்சிக்கு 48. குறைந்த இரண்டு எங்கே போயிற்று? எங்கள் இரண்டாம் நிறமூர்த்தத்தின் நடுவில், நிறமூர்த்தத்தின் நுனியில் மட்டும் வரவேண்டிய எழுத்துத் தொடர் கிடக்கிறது, அதுவும் முகத்துக்கு முகம் பார்த்தபடி. இரண்டு பழைய நிறமூர்த்தங்கள் நுனியோடு நுனி ஒட்டிய தழும்பு அது. இதைக் கடவுள் சும்மா வைத்தார் என்று சொல்ல அவர் தயாரில்லை. கூர்ப்பு நடந்தது, பொதுவான மூதாதை உண்டு, அதுவே கடவுள் படைத்த வழி என்று 2006இல் புத்தகமே எழுதினார், அடுத்த வருடம் அதற்கென்று பயோலொகோஸ் என்ற அமைப்பையும் தொடங்கினார். சொந்தச் சபைக்காரரிடம் அவர் வாங்கிய ஏச்சு கொஞ்சம் இல்லை. ஆனால் இது நேற்று முளைத்த சமாளிப்பும் இல்லை. ஆதியாகமத்தை வைத்துக்கொண்டு இயற்கையைப் பற்றி உளறினால் விசுவாசம் இல்லாதவன் சிரிப்பான், பிறகு உயிர்ப்பைப் பற்றிச் சொன்னால் எப்படி நம்புவான் என்று புனித அகுஸ்தீனார் ஐந்தாம் நூற்றாண்டிலேயே எழுதிவிட்டார். டார்வினுக்கு ஆயிரத்து நானூறு வருடத்துக்கு முன்.

இப்போது எங்கள் ஊருக்கு வருகிறேன், ஏனென்றால் இதெல்லாம் அமெரிக்காக் கதை, வன்னிக்கு என்ன என்று சிலர் முகத்தில் எழுதியிருக்கிறது.

பிறப்புரிமையியல் வன்னியில் புத்தகத்துக்குள் மட்டும் இருக்கிற பாடம் இல்லை. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சி கந்தசாமி கோயிலடியில் பந்தல் போட்டு, காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு இருந்த அம்மாக்களை நீங்கள் எல்லாரும் கண்டிருப்பீர்கள். 2023 ஜூனில் முல்லைத்தீவு மாவட்டத்துக் கொக்குத்தொடுவாயில் தண்ணீர்க் குழாய் போடத் தோண்டினார்கள், எலும்பு வந்தது. அந்த எலும்பு யார்? சாத்திரம் சொல்கிறவன் காசை வாங்கிக்கொண்டு, உன் மகன் தெற்குத் திசையில் உயிரோடு இருக்கிறான் என்று சொல்வான், எத்தனை வீட்டில் சொல்லிவிட்டான். எலும்புக்குப் பெயர் சொல்ல மிக உறுதியான வழி டி.என்.ஏ.தான். கலத்துக்குள் இழைமணி என்று படிக்கிறோமே, அதற்குச் சொந்தமாக ஒரு சின்ன டி.என்.ஏ. இருக்கிறது, அது தாயிடமிருந்து மட்டும் வரும். மகனுக்கும் மகளுக்கும் ஒரே மாதிரி, அம்மம்மாவுக்கும் அதுவே. தகப்பன் இல்லாவிட்டாலும், சகோதரம் எல்லாம் வெளிநாடு போய்விட்டாலும், தாய்வழியில் ஒருவர் மிஞ்சினால் ஒப்பிட்டுப் பார்க்க முடியும்.

ஆர்ஜென்ரீனாவில் 1976 தொடக்கம் 1983 வரை இராணுவ ஆட்சி. பிடித்துக்கொண்டு போன பெண்கள் தடுப்பில் பிள்ளை பெற்றார்கள், தாய்களைக் கொன்றுவிட்டுக் குழந்தைகளை வேறு ஆட்களுக்குக் கொடுத்தார்கள். அம்மம்மாக்கள் தேடினார்கள். 1984இல் அவர்களுக்கு உதவப் போன பிறப்புரிமையியலாளர் மேரி-கிளேயர் கிங், பிற்பாடு இந்த இழைமணி டி.என்.ஏ.யை வைத்துப் பேரப்பிள்ளைகளை அடையாளம் காண வழி செய்தார். இதே கிங்கோடு சேர்ந்துதான் கொலின்ஸ் மார்புப் புற்றுநோய்க்கான பரம்பரையலகு ஒன்றைத் தேடினார். அதில் இருவரும் வெல்லவில்லை, இன்னொரு குழு முந்திவிட்டது, அது வேறு கதை.

நான் கேட்பது இதுதான். மகனுக்காக நினைவுத் திருப்பலி ஒப்புக்கொடுக்கிற அம்மாவிடம் ஒருவர் வந்து, குருதி மாதிரி தாருங்கள், எலும்போடு ஒப்பிட வேண்டும் என்றால் கையை நீட்டுவாரா, மாட்டாரா? நீட்டுவார். கையை நீட்டுகிறபோது அவருடைய விசுவாசம் குறைகிறதா? அடுத்த ஞாயிறு மெழுகுதிரி கொளுத்துகிறபோது குருதிப் பரிசோதனை பொய்யாகிறதா? இந்த ஆலயத்து வாங்கில் இருக்கிற அம்மாவுக்கு வராத மோதல், மேடையில் நிற்கிற எங்களுக்கு மட்டும் எங்கிருந்து வந்தது?

இன்னொன்று. கலியாணம் பேசினால் பரம்பரை வருத்தத்தை எங்கள் ஆட்கள் மறைப்பார்கள், 'அந்தக் குடும்பத்தில் ஒரு பிள்ளை இப்படி' என்று தெரிந்தால் மற்றக் குமரும் நிற்கும் என்ற பயம். தலசீமியா என்ற பரம்பரை இரத்த வருத்தத்தை எடுங்கள். காவி, அதாவது குறையுள்ள பரம்பரையலகு ஒன்றை மட்டும் சுமப்பவர், சுகதேகியாகத்தான் இருப்பார். இரண்டு காவிகள் கட்டினால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு ஆபத்து. மூன்று ஞாயிறு திருமண அறிக்கை வாசிக்கிறோம், ஆட்சேபம் இருந்தால் சொல்லுங்கள் என்கிறோம், திருமண ஆயத்த வகுப்பு வைக்கிறோம், அதோடு ஒரு குருதிப் பரிசோதனையையும் சேர்க்கலாமா என்று பாதரிடம் இந்த மேடையிலேயே கேட்கிறேன். பரம்பரையலகைப் பார்த்து வேலையையோ மருத்துவக் காப்புறுதியையோ மறுக்கக் கூடாது என்று அமெரிக்காவில் 2008இல் சட்டம் வந்தது, அதற்காகப் பல வருடம் குரல் கொடுத்தவர்களில் கொலின்ஸும் ஒருவர். தரவு விஞ்ஞானம் தந்தது. தரவை வைத்து ஆளைக் கழிக்காதே என்று அவருக்குள் இருந்து சொன்னது எது என்று நீங்களே யோசியுங்கள்.

எதிரணிக்கு ஒரு நல்ல ஆயுதம் இருக்கிறது, அவர்கள் எடுக்கவில்லை, நானே எடுத்துத் தருகிறேன். 2009இல் ஒபாமா கொலின்ஸை அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவகங்களின் தலைவராக நியமிக்க முன்வந்தபோது, இப்படிப்பட்ட விசுவாசியிடம் நாட்டின் மருத்துவ ஆராய்ச்சியைக் கொடுக்கலாமா என்று நாத்திக எழுத்தாளர் சாம் ஹரிஸ் 'நியூயோர்க் ரைம்ஸ்' பத்திரிகையில் எழுதினார். பயம் நியாயமானதுதான். நடந்தது என்ன? மூன்று ஜனாதிபதிகளின் கீழ், 2021 கடைசி வரைக்கும் இருந்தார். மனித முளையத்தில், அதாவது தொடக்கநிலைக் கருவில் இருந்து எடுக்கிற மூலக்கலங்களை வைத்துச் செய்கிற ஆய்வுக்கு அவர் காலத்தில் நிதி போனது, வழக்கு வந்தபோதும் அவருடைய நிறுவகம் அதற்காக நின்றது. கத்தோலிக்கராகிய எனக்கு அதில் உடன்பாடு இல்லை, பாதருக்கும் இராது. அங்கே விசுவாசிகளுக்குள்ளேயே சண்டை வந்தது. பார், மோதல் இருக்கிறதே என்று நீங்கள் இப்போது துள்ளலாம். கொஞ்சம் பொறுங்கள். அந்தச் சண்டை முளையத்தில் எத்தனை கலம் இருக்கிறது என்பதைப் பற்றி இல்லை. அதில் எல்லாருக்கும் ஒரே எண்தான். அதைத் தொடலாமா கூடாதா என்பதுதான் சண்டை, அந்தச் சண்டையை நாத்திகர்களும் தங்களுக்குள் பிடிக்கிறார்கள்.

மணி அடித்துவிட்டார்கள், இன்னும் ஒரே ஒரு நிமிடம் நடுவர் ஐயா. எனக்கு அடுத்து எதிரணியின் மூன்றாவது பேச்சாளர் வருவார். கலிலியோவை நான் முன்கூட்டியே கொடுத்துவிட்டேன், இன்சுலினையும் கொடுத்துவிட்டேன், ஆகையால் அவற்றைத் திரும்பக் கொண்டுவந்து நேரத்தைப் போக்க வேண்டாம். கொலின்ஸின் ஒரே ஓர் ஆய்வை எடுத்து, இந்த இடத்தில் இவருடைய விசுவாசம் முடிவை வளைத்திருக்கிறது என்று காட்டட்டும். இல்லாவிட்டால் அவருடைய ஆய்வுகூடத்தால் அவருடைய விசுவாசம் இந்த இடத்தில் உடைந்தது என்றாவது காட்டட்டும். காட்டினால் எங்கள் அணித் தலைவர் எழும்பிப் பேசத் தேவையில்லை, தீர்ப்பை அவர்களுக்கே கொடுத்துவிடுங்கள். நன்றி, வணக்கம்.